முதுகு வரையத் தெரியாதவன்

சிவபிரகாஷைத் திண்டுக்கல்லில் பலருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் அவன் கைபடாத முகம் குறைவு. காதுகுத்துக்குச் சிரித்த தாய்மாமன், சடங்குக்குத் தட்டு தூக்கிய அத்தை, கண்ணீர் அஞ்சலியில் மாலைக்கு நடுவிலிருந்து பார்த்த பெரியவர், எல்லோரும் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வந்தார்கள். கழுத்தோடு வெட்டி எடுப்பான், வெள்ளைச் சட்டை மாட்டுவான், மருவை அழிப்பான், கேட்டால் மீசையும் வைத்துக் கொடுப்பான். பத்து வருஷமாக அதே நாற்காலி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிளக்ஸ் பேனர் அடிக்கும் ‘பொன்னழகு டிஜிட்டல்ஸ்’தான் கடை. பொன்னழகு அவனுக்கு முதலாளி. மாமனாரும் அவர்தான்.

இங்கேதான் சிக்கல். முதலாளி என்றால் ஒருநாள் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். மாமனார் என்றால் முறைத்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்து, அந்த ஆளும் நல்லவராக இருந்துவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாது.

பொன்னழகு நல்லவர். நெய்க்காரப்பட்டியிலிருந்து வேலை தேடி வந்த பையனுக்கு நாற்காலி கொடுத்தார். அடுத்த வருஷம் தாயில்லாமல் தானே வளர்த்த ஒரே பெண் யுவராணியைக் கொடுத்தார். மாடியைக் கொடுத்தார், ஸ்கூட்டரைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் நடுத்துண்டு மாப்பிள்ளை தட்டுக்குத்தான் வரும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சிவபிரகாஷ் போன விருந்து ஒன்பது வருஷமாக நடக்கிறது. அவன் நெய்க்காரப்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் போனால் நான்கு முறை போன் வரும். “எப்ப வாரீங்க மாப்ள? சும்மாதான் கேட்டேன்.” அந்தச் சும்மாவுக்குப் பயந்தே அவன் மறுநாள் காலையில் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவான்.

மூன்று வருஷத்துக்கு முன் புத்தகத் திருவிழாவில், பழைய புத்தகங்களைக் குவித்துப் போட்டிருந்த ஒரு கடையில் அவன் அந்தப் புத்தகத்தை எடுத்தான். கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் வரைந்து அதை நடக்க, பேச, அழ வைப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் எழுநூறு பக்கம். செங்கல் கனம். பின்னட்டையில் சிடி வைக்கும் உறை இருந்தது, சிடி இல்லை. இதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கான புத்தகம் என்று அட்டையே மிரட்டியது. தினம் இரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று முன்னுரை சொன்னது. எழுதியவருக்கு மாமனார் கடையில் வேலை இல்லை போலிருக்கிறது.

சிவபிரகாஷுக்குக் கிடைத்தது மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை. அப்போதுதான் பொன்னழகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண்ணயர்வார். கடையில் இவனும் பிரிண்டிங் மெஷின் ஓட்டும் ஜெரோமும் மட்டும். புத்தகம் பழசு, இவன் இறக்கி வைத்திருந்த இலவச மென்பொருள் புதுசு. வலது மூலையில் உள்ள பொத்தானை அமுக்கு என்று புத்தகம் சொல்லும்; வலது மூலையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பொத்தான் எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை மூன்று தரம் படிப்பான். நான்காம் தரம் புரியும், அல்லது மாமனாரின் வண்டிச் சத்தம் கேட்கும்.

முதல் பாடம் பந்து. மேலிருந்து விழ வேண்டும், தரையில் பட்டதும் கொஞ்சம் நசுங்க வேண்டும், எழும்பும்போது நீள வேண்டும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைந்தால் போதும் என்றது புத்தகம். ‘போதும்’ என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள். இருபத்து மூன்று நாள் கழித்துப் பந்து குதித்தது. போனில் போட்டு யுவராணியிடம் காட்டினான்.

“பந்து குதிக்குது. அதுக்கென்ன?” என்றாள்.

“யாரும் போடல யுவா. நானே குதிக்க வெச்சேன்.”

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். கல்யாணத்தன்று கூட இந்த முகம் இப்படி மலரவில்லையே என்று நினைத்திருப்பாள். அவனுக்கோ விஷயம் எளிது. நாற்காலி மாமனாருடையது, வீடு மாமனாருடையது, வண்டியின் ஆர்சி புத்தகத்திலும் அவர் பெயர்தான். பந்து ஒன்றுதான் அவனுடையது.

பந்துக்குப் பிறகு மாவு மூட்டை. கை, கால், முகம் எதுவும் இல்லாத ஒரு மூட்டையைச் சந்தோஷப்பட வை, வருத்தப்பட வை என்றது புத்தகம். அதற்கு எட்டு மாதம். அப்புறம் நடை. நடக்கிற ஆள் இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பான், பின்னால் தெருவைத்தான் நகர்த்த வேண்டும். ஜெரோம் எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, இவன் எங்கயுமே போகலையே.”

“பின்னாடி தெருவ நகத்துனா போற மாதிரி இருக்கும்டா.”

“அப்ப நம்ம கேஸுதான்” என்றுவிட்டு ஜெரோம் மை ஊற்றப் போனான். சிவபிரகாஷ் சிரித்தான். ஆனால் அன்று மாலை முழுக்க அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டிய நாராக உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வருஷம் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோ, குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடருக்கு ஆள் எடுப்பதாக இணையத்தில் அறிவித்தது. படிப்பு பற்றிக் கேட்கவில்லை, ஒரு பரீட்சை மட்டும். சிவபிரகாஷ் எழுதிப் போட்டான். ஷரீஃபா என்ற அம்மா, அங்கே வேலையை மேற்பார்வையிடுபவர், பரீட்சையை மெயிலில் அனுப்பினார். பத்து நொடிப் படம். ஓர் அறை. ஓர் ஆள். நாற்காலியிலிருந்து எழுந்து, பையை எடுத்து, கதவைத் திறந்து வெளியேறுகிறான். அவன் திரும்பி வரமாட்டான். வசனம் கிடையாது. பார்ப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

இருபத்திரண்டு மத்தியானம் வரைந்தான். நூற்று இருபது படம். புத்தகம் சொன்னபடி எழுவதற்கு முன் ஆளைக் கொஞ்சம் குனிய வைத்தான், பையின் கனத்துக்குத் தோளைச் சாய்த்தான். அனுப்பினான். நான்காம் நாள் பதில் வந்தது. உடம்பின் கனம் நன்றாக வந்திருக்கிறது, கால அளவு சரி. ஆனால் இந்த ஆள் எங்கேயும் போகவில்லை. கதவருகே போனதும் முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். கடைக்குப் போய்விட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவான் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி அனுப்ப முடியுமா?

சிவபிரகாஷ் தன் படத்தை ஓட்டிப் பார்த்தான். அந்த அம்மா சொன்னது சரி. ஆள் வாசலில் நின்று, திரும்பி, முழு முகத்தையும் காட்டி, போயிட்டு வாரேன் என்று வாய்விட்டுச் சொல்லாத குறையாகச் சிரித்தான். இதை வரைந்ததே சிவபிரகாஷுக்கு நினைவில்லை. கை தானாக வரைந்திருக்கிறது.

கையைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்தில் யார் அப்படியே வெளியேறுகிறார்கள்? பால் வாங்கப் போகிறவன்கூட நிலைப்படியில் நின்று திரும்பி, வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறான். அது போக, பிளக்ஸ் தொழிலில் முதல் சட்டமே முதுகு வரக்கூடாது என்பதுதான். கடையில் சேர்ந்த புதிதில் சேவுகம்பட்டிக் காதுகுத்து ஒன்றுக்கு, தாய்மாமன் சீர்த்தட்டோடு கோயிலுக்குள் நுழையும் படத்தை அழகாக இருக்கிறதே என்று பின்னாலிருந்து எடுத்தபடியே போட்டுவிட்டான். மாமன்காரர் வேனில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். பொன்னழகுதான் கையைப் பிடித்துச் சமாதானம் செய்து, வேறு பேனர் அடித்துக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குக்கூட இவனைத் திட்டவில்லை. “முதுகு வரக்கூடாது மாப்ள. முதுகக் காட்டுறவன் பகையாளி” என்றார். கல்யாணம் ஆகும் முன்பே அப்படித்தான் கூப்பிடுவார்.

பத்து வருஷத்தில் பல்லாயிரம் முகம் வெட்டி ஒட்டியவன் ஒரு முதுகைக்கூட வரைந்ததில்லை. செவ்வாய், புதன் இரண்டு மத்தியானமும் முயன்றான். முதுகு என்று வரைந்தது கதவில் மாட்டிய சட்டையாகத்தான் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவது வந்தால் பரவாயில்லை, இங்கே ஒன்றுமே வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினான். வரைய முடியாததை நீயே நடித்து, படம் பிடித்து, அதைப் பார்த்து வரை என்று ஓர் இடத்தில் இருந்தது.

வியாழக்கிழமை பொன்னழகு பேனர் அளவெடுக்கக் காலையிலேயே பஸ்ஸில் சேவுகம்பட்டி போயிருந்தார். மத்தியானம் ஜெரோம் தன் போனை எதிர்ச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, நாற்காலியும் தெருக்கதவும் தெரியும்படி வைத்தான்.

முதல் தரம் சிவபிரகாஷ் வாசலில் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தரம் திரும்பாமல் இருக்க வேண்டும் என்று கழுத்தை விறைத்துக்கொண்டு, சுளுக்குப் பிடித்தவன் மாதிரி போனான்.

ஜெரோமுக்குப் பொறுமை போயிற்று. “அண்ணே, நீங்க போற ஆளே இல்ல. மனசுல நெனைங்க. இந்தக் கட வேணாம், இந்த ஊரு வேணாம், ஒரேயடியாப் போறேன், இனி வரவே மாட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் போங்க.”

“சரி” என்றான் சிவபிரகாஷ். நாற்காலியில் உட்கார்ந்தான். நினைத்தான். நினைப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எழுந்தான், பையை எடுத்தான், கதவைத் தள்ளிக்கொண்டு போனான். தெருவில் இறங்கிய பிறகும் கால் நிற்கவில்லை. டீக்கடை வந்த பிறகுதான் நின்றது. வந்தது வந்தோம் என்று இரண்டு டீ வாங்கிக்கொண்டு திரும்பினான்.

கடைக்குள் பொன்னழகு உட்கார்ந்திருந்தார். ஜெரோம் மெஷினில் சிக்கிய பிளக்ஸை இழுத்துக்கொண்டிருந்தான்.

“வந்துட்டீங்களா மாப்ள” என்றார்.

“டீ வாங்கப் போனேனுங்க மாமா. நீங்க எப்ப வந்தீங்க?”

“பன்னெண்டரைக்கே வந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் சாப்புடப் போயிருந்தீங்க. வெயிலு தாங்கல, பின்னாடி ரூம்ல செத்த நேரம் படுத்துட்டேன்.”

சிவபிரகாஷ் தன் டீயை அவருக்குக் கொடுத்தான். பொன்னழகு சூடாகக் குடிப்பவர். அன்று கையில் வைத்துக்கொண்டே இருந்து, ஆறிய பிறகு குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெரோமின் போனிலிருந்து கடைசி வீடியோவை வாங்கி ஓட்டினான். நான்கு நிமிஷம் ஓடியது. பிளக்ஸ் சிக்கியதும் மெஷினுக்கு ஓடிய ஜெரோம் போனை நிறுத்த மறந்திருக்கிறான். முதல் பத்து நொடியில் சிவபிரகாஷ் எழுந்து போனான். பரவாயில்லை, போகிற ஆள்தான். பிறகு காலி நாற்காலி. நிறுத்தப் போனவன், பின்னறைக் கதவு திறப்பதைப் பார்த்தான்.

பொன்னழகு வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். மேஜையில் விரித்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தெருக்கதவு வரை போய் நின்றார். போனுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. வலது கை நிலைப்படியைப் பிடித்தது, பிடித்தபடியே இருந்தது. சட்டைக்குள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கழுத்துக்குக் கீழே காலர் விலகி நின்றது. கூப்பிடவில்லை. ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு வந்து, புத்தகத்தில் அடையாளச் சீட்டை அதே பக்கத்தில் வைத்து மூடினார். நாற்காலியை மேஜைக்கு உள்ளே தள்ளினார்.

சிவபிரகாஷ் வீடியோவை நிறுத்தினான். ஜெரோம் சொன்னது எல்லாவற்றையும் மாமா படுத்தபடி கேட்டிருக்கிறார். ஓடிப் போய், அது நடிப்பு மாமா, பரீட்சைக்காக என்று சொல்லிவிடலாம். எந்தப் பரீட்சை என்று கேட்பார். கோயம்புத்தூர் என்று சொல்ல வேண்டும். அப்போது அது நடிப்பாக இருக்காது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவன் மறுபடி வீடியோவை ஓட்டினான். மூன்றாம் தரம் ஓட்டும்போது அவன் கண் மாமாவைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தது. முதுகு என்றால் இதுதான். யாரோ ஒருவர் இனி வரமாட்டார் என்பது அந்தத் தோளில் எழுதியிருந்தது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரைந்தான். கதவைத் திறந்து போகிற இளைஞனுக்கு மாமாவின் தோளை வைத்தான், அந்தக் காலரை வைத்தான், நிலைப்படியைப் பிடித்து விடுகிற அந்தக் கையை வைத்தான். அந்த மத்தியானம் பொன்னழகு வீட்டுக்குப் போகவில்லை. ‘வேலையைப் பாருங்க மாப்ள’ என்று பின்னறையிலேயே படுத்துக்கொண்டார். கடைசி முப்பது படத்தை மூன்று மணி நேரத்தில் வரைந்து முடித்து அனுப்பினான்.

சனிக்கிழமை காலை பொன்னழகு கடையைத் திறந்ததும் சொன்னார். “நம்ம போர்டு வெளுத்துப் போச்சு மாப்ள. புதுசு வைப்போம். உங்க பேரையும் போட்டு. பொன்னழகு சிவபிரகாஷ் டிஜிட்டல்ஸ். ரெண்டு பேரு போட்டோவும் வரணும்.”

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவபிரகாஷ் சொல்லியிருப்பான்.

திங்கட்கிழமை ஷரீஃபாவின் மெயில் வந்தது. இப்போது அந்த ஆள் போய்விட்டான், பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, இந்த முதுகை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். ஒன்றாம் தேதி வேலையில் சேரலாம். இதே வேலைக்கு இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள், ஆகவே வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

யுவராணியிடம் காட்டினான். அவள் இரண்டு தரம் படித்தாள்.

“நீ வருவியா?” என்று கேட்டான்.

“வராம? ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நான் பிரிச்சுக் கூட்டிட்டுப் போன மாதிரி ஆயிரும். சொல்லாமப் போனா எனக்கு இங்க வர மூஞ்சி இருக்காது.”

“சொல்லீர்றேன்” என்றான்.

செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. மாமா ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போய் போட்டோவுக்கென்று ஒரே மாதிரி இரண்டு வெள்ளைச் சட்டை எடுத்தார். புதன்கிழமை சொல்லவில்லை. போட்டோ ஸ்டூடியோவில் இருவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், மாமா அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். மனதுக்குள் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். கட்டிப் போட்டால் அவிழ்த்துக்கொண்டு ஓடலாம். நடுத்துண்டு வைத்து, சட்டை எடுத்துக் கொடுத்து, தோளில் கை போடுகிற மனுஷனை என்ன செய்வது?

வியாழக்கிழமை நாலேகாலுக்குப் புது போர்டின் வடிவம் திரையில் இருந்தது. பக்கத்திலேயே பதில் மெயிலையும் எழுதி, மறைத்து வைத்திருந்தான். ஒரே வரி. ஐந்து மணிக்குள் அனுப்பு என்பதை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். பின்னால் பொன்னழகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமா, ஒரு விஷயமுங்க.”

“சொல்லுங்க மாப்ள” என்றவர், அவன் வாய் திறப்பதற்குள் திரையைப் பார்த்துக் கையை நீட்டினார். “இதென்ன, ரெண்டு பேரும் ஒரே அளவா இருக்கோம். என்னையச் சின்னதாக்குங்க. நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு? நீங்கதான் பெருசா இருக்கணும்.”

“பரவால்லீங்க மாமா, இருக்கட்டும்.”

“இழுங்க மாப்ள.”

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவர் அவனைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

சிவபிரகாஷ் திரைக்குத் திரும்பினான். தன் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தான்.

“இன்னும்” என்றார்.

இழுத்தான். காது போர்டின் ஓரத்தைத் தொட்டது. பேரைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். பின்னணி நீலம் வேண்டாம், சந்தனக் கலர் போட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டைப் பொத்தானில் ஒரு நூல் தெரிந்தது, அதை அழிக்கச் சொன்னார். மறுபடியும் முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

“போதும் மாப்ள, நல்லா இருக்கு” என்று அவர் சொன்னபோது மணி ஐந்தேகால். ஜெரோம் மெஷினைப் போட்டான்.